வசூலுக்கு வந்தா என்பிஓ நம்பர் கேளுங்க, சாப்பாடு விக்கிறதுக்கு முன்னாடி சர்டிஃபிகேட் வாங்குங்க

தைப்பூச காவடியோ, ஆடி மாசம் அம்மனுக்கு கூழ் ஊத்துறதோ, அந்த நேரம் வந்துட்டா இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல நம்ம ஆளுங்க இருக்குற சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீடு வீடா வந்து காசு கேப்பாங்க. நம்ம பெரியவங்க மடிப்பிச்சை எடுத்து நேர்த்திக்கடன் செஞ்சவங்க, அத யாரும் தப்பு சொல்லப் போறதில்ல. ஆனா டர்பன்ல கோயில் கமிட்டிக்கும் சின்ன வியாபாரம் பண்றவங்களுக்கும் கணக்கு எழுதி ஃபாரம் நிரப்பிக் குடுக்குறது என் வேலை, அதுல நான் பாக்குறது என்னன்னா, ஏமாத்துறவன் கையில பக்காவா ஒரு லெட்டர் இருக்கு, நேர்மையா வசூல் பண்ற நம்ம ஆளுங்க கையில ஒரு துண்டு பேப்பர்கூட இல்ல. இது மாறியே ஆகணும்.

1978 ஃபண்ட்ரெய்சிங் சட்டம் இருந்தப்ப பொதுமக்கள்கிட்ட வசூல் பண்ணவே அனுமதி வாங்கணும். 1997ல என்பிஓ, அதாவது லாப நோக்கமில்லாத சங்கங்களுக்கான சட்டம் வந்ததும் அந்தக் கெடுபிடி போயிடுச்சு, இப்ப உள்ளூர் சங்கம், கோயில் எல்லாம் பதியணுமா வேண்டாமாங்குறது அவங்க இஷ்டம். ஆனா பதியாமலே பதிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா அது குற்றம். பதிஞ்ச சங்கம்னா லெட்டர், ரசீது எல்லாத்துலயும் அந்தப் பதிவு நம்பர், அதான் என்பிஓ நம்பர், இருக்கணும், வருஷா வருஷம் கணக்கும் அனுப்பணும்.

ஒரு ஆண்ட்டி என்கிட்ட ஒரு லெட்டர் கொண்டுவந்தாங்க, குழந்தைங்க இல்லத்துக்குன்னு வாசல்ல வந்து நின்னவர் குடுத்தது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்ததுல முத்திரையே கருப்பா அப்பிப்போயிருக்கு, கீழ ஒரு செல் நம்பர் மட்டும் பேனாவுல எழுதியிருக்கு, என்பிஓ நம்பரும் இருந்துச்சு. இந்தச் சங்கங்களைப் பதியுற அரசாங்கத் துறையான சோஷியல் டெவலப்மெண்ட் வெப்சைட்ல போட்டுப் பாத்தா வேற ஊர்ல இருக்குற வேற ஒரு சங்கத்தோட பேர் வருது! ஆண்ட்டி அதுக்குள்ள 200 ராண்ட் குடுத்துட்டாங்க. பாக்குறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, போன்லயே பாக்கலாம், வந்தவர வாசல்ல நிக்கவச்சே பாருங்க, நல்லவங்க கோவிச்சுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, என்பிஓ நம்பர் இருந்தா, குடுத்த நன்கொடைய டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லங்க. அதுக்கு சார்ஸ், அதாவது வரி ஆபீஸ், அந்தச் சங்கத்துக்குத் தனியா 18ஏ அனுமதி (வருமான வரிச் சட்டத்துல 18ஏ பிரிவு) குடுத்திருக்கணும், அந்த 18ஏ ரசீது இல்லாம நீங்க எவ்வளவு குடுத்தாலும் கழிக்க முடியாது.

இப்ப புரியாணி விஷயம். கோயில் கூரைக்கு, பிள்ளைங்க ஸ்கூலுக்குன்னு பக்கெட் பக்கெட்டா புரியாணி விக்கிறோம், அது நல்லா போச்சுன்னா அதே அக்கா அடுத்த மாசம் வீட்லயே சமோசா, புரியாணின்னு ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சுடுறாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா அந்த நிமிஷத்துலேர்ந்து அது பிசினஸ். 2018ல வந்த ஆர்638ங்குற உணவு சுகாதார விதிப்படி சமைக்கிற இடத்துக்கு சர்டிஃபிகேட் ஆஃப் அக்செப்டபிலிட்டிங்குற ஹெல்த் சர்டிஃபிகேட் வேணும், முனிசிபாலிட்டி ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டுதான் குடுப்பார். அது அந்த இடத்துக்கும் அந்தப் பொறுப்பாளுக்கும் மட்டும்தான், தங்கச்சி வீட்டு கிச்சனுக்கு மாறினா செல்லாது. 1991 பிசினசஸ் சட்டப்படி சாப்பாடு விக்க லைசன்ஸும் வேணும், அது வேற பேப்பர். ஒண்ணு கையில இருக்கு, போதும்னு நினைச்சு மாட்டிக்கிறவங்கதான் அதிகம்.

லைசன்ஸ்னாலே நம்ம பெரியவங்க முகம் சுருங்கும், அதுக்குக் காரணம் இருக்கு. டர்பன் இருக்குற நேட்டால்ல, வெள்ளைக்காரன் ஆட்சியில 1897 டீலர்ஸ் லைசென்சிங் சட்டம் வந்தப்ப இந்தியக் கடைக்காரருக்கு லைசன்ஸ் மறுத்தா கோர்ட்டுக்கே போக முடியாது, கணக்குப் புத்தகம் இங்கிலீஷ்ல இருக்கணும்னு வேற கட்டாயம். ஒப்பந்தக் கூலியா வந்து கரும்புத் தோட்டத்துல அஞ்சு வருஷம் முடிச்சு, காய்கறிக் கூடை தூக்கி தெருத்தெருவா வித்து முன்னுக்கு வந்தவங்க வாரிசு நாம, நம்மள கடைத்தெருவுலேர்ந்து விரட்டத்தான் அந்தக் காகிதத்த வச்சிருந்தாங்க. இன்னைக்கு நிலைமை அப்படி இல்ல. அப்ளிகேஷன மறுத்தா 90 நாளுக்குள்ள கேட்டீங்கன்னா காரணத்த எழுத்துல குடுத்தாகணும், அப்பீலும் உண்டு. வாயால "முடியாது"ன்னு சொன்னத கேட்டுட்டு திரும்பி வந்துடாதீங்க.

2024 நவம்பர்ல, கடைத் தின்பண்டம் சாப்பிட்ட குழந்தைங்க செத்துப்போனதுக்கு அப்புறம், பிரெசிடெண்ட் ராமபோசா ஸ்பாசா கடை (தெருவுல இருக்குற சின்ன மளிகைக் கடை), சாப்பாட்டுக் கடை எல்லாம் 21 நாள்ல முனிசிபாலிட்டியில பதியணும்னு சொன்னார், அப்புறம் 2025 பிப்ரவரி 28 வரைக்கும் நீட்டினாங்க. கடைசி வாரத்துல என் டேபிள்ல ஃபைல் குவிஞ்சு கிடந்துச்சு, அதுல பாதி பேர்கிட்ட அந்த ஹெல்த் சர்டிஃபிகேட்டே இல்ல.

அதனால ஈதெக்வினில, அதான் டர்பன் முனிசிபாலிட்டியில, இருக்குறவங்க, புரியாணிக்கு அண்டா வாடகைக்கு எடுக்குறதுக்கு முன்னாடியே ஹெல்த் ஆபீஸ்ல போய், எங்க சமைக்கிறோம், எத்தனை பேருக்கு, வசூலுக்கா வியாபாரத்துக்கான்னு சொல்லி, என்ன வேணும்னு எழுதி வாங்கிக்குங்க. வசூலுக்கு ஆள் அனுப்புற கமிட்டிங்க நம்பர் போட்ட ரசீது புத்தகத்தையும், தலைவர் கையெழுத்துப் போட்ட லெட்டரையும் குடுத்து அனுப்புங்க, ரோட்ல டப்பா வச்சு வசூல்னா முனிசிபாலிட்டி பைலா (உள்ளூர் விதி) என்ன சொல்லுதுன்னு முன்னாடியே கேட்டுடுங்க.