மாடி ஏறாத வைஃபை

பெங்களூரில் ஸ்ரீராமபுரம், விவேக்நகர், அல்சூர் பக்கம் 20-க்கு 30 அடி மனையில் மாடிமேல் மாடியாக எழுப்பிய வீடுகளில் இந்தத் தொல்லை சகஜம். ஃபைபர் போட வருபவர் ஜன்னல் ஓரமாக, டிவிக்குப் பின்னால் ரூட்டர் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஹாலில் நெட் பறக்கும். மாடி அறையில் வீடியோ கால் உறைந்து நிற்கும். உடனே ஆறு ஆன்டெனா ரூட்டர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். சிக்னல் எங்கே தொலைகிறது என்று முதலில் பாருங்கள்.

திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சிக்னல் கால்வாசியாகும். சிக்னல் பலத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் அது 6 டெசிபல் இழப்பு. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்றே 12 டெசிபலை எளிதாக விழுங்கும். அது தூரம் இரண்டு முறை இரட்டித்ததற்குச் சமம். அப்படியென்றால் 3 மீட்டர் தள்ளி இருக்கும் மாடி அறை, சிக்னலைப் பொறுத்தவரை 12 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வைஃபைக்கு 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைகள் உண்டு; 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு அடி இன்னும் பலமாக விழும். செங்கல் சுவர் பரவாயில்லை. இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, மீன்தொட்டி ஆகியவை பெட்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு அறை அறையாக நின்று பாருங்கள். சிக்னல் பலம் மைனஸ் எண்ணில் வரும்: –50 அருமை, –65 வரை வீடியோ காலுக்குப் போதும், –75-க்குக் கீழே திணறும். சில இடங்களில் கோடுகள் நிறையத் தெரிந்தும் நம் குரல் மட்டும் எதிர்முனைக்குப் போகாது. ரூட்டர் பேசுவது போனுக்குக் கேட்கிறது. போனின் அலைபரப்பும் திறன் குறைவு என்பதால் அது பேசுவது ரூட்டருக்குக் கேட்பதில்லை. ரூட்டரின் திறனை மட்டும் கூட்டினால் இது தீராது.

செலவில்லாத வழி, பெட்டியை வீட்டின் நடுவுக்கு, தலை உயரத்துக்கு நகர்த்துவது. ஃபைபர் ஒயரை மட்டும் கூர்மையாக மடக்கிவிடாதீர்கள். மடிப்பில் ஒளி கசியும்.

மாடிக்கு உறுதியான தீர்வு கேபிள்தான். ரிப்பீட்டர் சிக்னலை ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைவிட, மாடிப்படி ஓரமாக ஒரு கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, சும்மா கிடக்கும் பழைய ரூட்டரை மேலே வையுங்கள். கேபிள் முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் முனையில் சுலபமாக ஒடியும். பழைய ரூட்டரின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்), கீழ்ப்பெட்டி 192.168.1.1 என்றால் 192.168.1.2 என மாற்றுங்கள். டிஎச்சிபியை (போன்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, கேபிளை லேன் (LAN) துளையில் செருகுங்கள். வெளியிலிருந்து நெட் வரும் வான் (WAN) துளையில் அல்ல. டிஎச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டிகளும் முகவரி கொடுக்கும். சில போனில் நெட் வரும், சிலதில் வராது. இந்த ஒரு மறதிதான் பலரைச் சுற்றலில் விடுகிறது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் (அலைவரிசையின் உட்பிரிவு) மட்டும் வேறு. கிகாபிட் ரூட்டர்கள் இருந்தும் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவில்லையென்றால், கேபிளின் எட்டுக் கம்பியில் ஒன்று முனைப் பிளக்கில் சரியாக அழுந்தவில்லை (கிரிம்ப் ஆகவில்லை) என்று சந்தேகப்படுங்கள்.

சேனல் விஷயம் சுருக்கமாக: 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று தொடாதவை 1, 6, 11 மட்டுமே. காலியாகத் தெரிகிறதே என்று 3-ஐப் பிடித்தால் 1, 6 இரண்டின் இரைச்சலும் சேர்ந்து வரும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

கரண்ட் போனால் மேலும் கீழும் இரண்டு பெட்டிக்கும் மினி யுபிஎஸ் வேண்டும். வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்ட வோல்ட்டைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்; சில பழைய ரூட்டர்கள் 9 வோல்ட். பின் ஒன்றுபோலவே பொருந்தினாலும் மாற்றிச் செருகினால் ரூட்டர் கருகக்கூடும்.