கவா: நல்ல தண்ணீர், நல்லமிளகு, நல்ல கவா

பசிபிக் தீவுகளில் வளரும் ஒரு செடிக்கும், அதன் வேரை இடித்து நீரில் பிசைந்து வடித்தெடுக்கும் பானத்துக்கும் ‘கவா’ என்று பெயர். ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றித் தமிழில் சிலர் ‘காவா’ என்று எழுதுகிறார்கள். ஆயினும் பசிபிக் தீவு மொழிகளுள் ஒன்றான தொங்கா மொழியில் முதலெழுத்து குறில் ஆதலால் ‘கவா’ என்பதே பொருந்தும். அரபியின் ‘கஹ்வா’வோடும் ஸ்பெயினின் ‘காவா’ மதுவோடும் இதற்குத் தொடர்பில்லை. இது புளிக்கவைத்த பானமும் அன்று. ஆகவே கள், மது என்ற சொற்களால் இதைக் குறிப்பது பிழை.

பாலினேசிய மொழிகளில் இச்சொல்லின் வேர்ப்பொருள் கைப்பு, காரம் என்பதாகும். நியூசிலாந்தின் மாவோரி மொழியில் ‘கவா’ என்றால் இன்றும் கசப்புதான். ஹவாயில் முதல் மெய் தேய்ந்து ‘அவா’ ஆயிற்று. நம் ‘கைப்பு’க்கும் அந்தக் ‘கவா’வுக்கும் உறவு கற்பிக்க யாரேனும் முனையக்கூடும், இரண்டும் தற்செயலாக ஒலி நெருங்கிய சொற்கள், அவ்வளவே. பிஜியில் இதன் பெயர் ‘யங்கோனா’. பிஜி இந்தியர்கள் ‘கிராக்’ என்பார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்களும் அவர்களுள் அடங்குவர் என்பதால், தமிழர் வாழ்வுக்கு இது முற்றிலும் அயலான பானம் என்று சொல்லிவிட முடியாது.

தாவரவியற் பெயர் ‘பைப்பர் மெத்திஸ்டிகம்’. ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் உடன் சென்ற கியார்க் ஃபார்ஸ்டர் 1786இல் இட்ட பெயர் இது. ‘மயக்கும் மிளகு’ என்று பொருள்படும். மிளகு, வெற்றிலை, திப்பிலி மூன்றும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. எனவே செடியைக் குறிக்க ‘மயக்குமிளகு’ என்ற தமிழாக்கம் தாவர நூலுக்குத் தகும், பானத்துக்குத் தகாது. முறையாகத் தயாரித்த கவா நாவை மரத்துப்போகச் செய்து உடலைத் தளர்த்துமே தவிர, அளவோடு குடிப்பவரின் அறிவை மதுவைப்போல் குழப்புவதில்லை. பானத்தைக் கவா என்றே வழங்கலாம்.

மொழிபெயர்ப்பாளருக்கு உண்மையான இடர்ப்பாடு, கவாவுக்கு முன்னால் வரும் ‘நோபிள்’ என்ற அடைமொழியில்தான் இருக்கிறது. வனுவாட்டு நாட்டின் 2002ஆம் ஆண்டுக் கவாச் சட்டம், அன்றாடம் குடிப்பதற்குரியவை எனத் தலைமுறைகளாகக் கண்டறியப்பட்ட பயிர்வகைகளை இப்பெயரால் பிரித்து வைத்தது. மயக்கம் மறுநாளும் நீடிக்கும் வகைகளுக்கு அந்நாட்டுப் பிஸ்லாமா மொழியில் ‘டூ டே’ என்று பெயர்; ‘இருநாள் கவா’ எனலாம். நோபிளை ‘உயர்தரக் கவா’ என்றால் விலைத்தரம் போலத் தோன்றும். ‘உயர்குடிக் கவா’ என்றால் நம் ஊரில் வேறு வாடை அடிக்கும். குடிக்க ஏற்ற நீரை ‘நல்ல தண்ணீர்’ என்கிறோம், குமரி மாவட்டத்தில் கருமிளகை ‘நல்லமிளகு’ என்கிறார்கள். பழகிப் பார்த்து ஏற்றுக்கொண்டதற்கு இடும் ‘நல்ல’ என்ற அந்த அடையே இங்கும் பொருந்தும்: நல்ல கவா.

இப்பெயரைத் தேர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது வேதியியல் தந்த பாகுபாடு அன்று. குடித்துப் பார்த்தவர்கள் தந்தது. ஆய்வகம் பின்னால் வந்து அதைப் படித்துக்காட்டியது. கவாவின் குணத்துக்குக் காரணமான, கவாலாக்டோன்கள் எனப்படும் வேரிலுள்ள சேர்மங்களுள் முதன்மையான ஆறுக்கும் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டு, மிகுதியாக உள்ளதிலிருந்து இறங்குவரிசையில் எழுதுவதே ‘வேதிவகை’ எண். 2 டைஹைட்ரோகவைன், 4 கவைன். நல்ல கவாவின் எண் பெரும்பாலும் 42 என்றோ 24 என்றோ தொடங்கும். இருநாள் கவாவில் 25 என்ற தொடக்கம் மிகுதி. மூன்றாம் எண்ணுக்குரிய பொருளின் பெயர் யாங்கோனின். பிஜியின் ‘யங்கோனா’தான் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இந்த எண் சொல்வது விகித வரிசையை மட்டுமே. வேர் வீரியமானதா, சப்பையானதா, முற்றிய செடியா, பூஞ்சை பிடித்த மூட்டையா என்பதெல்லாம் அதில் தெரியாது. ஃபிளேவோகவைன் என்னும் வேறு சேர்மங்களும் அதில் அடங்குவதில்லை. மறுபுறம், தண்டின் நிறத்தையும் கணுக்களின் புள்ளிகளையும் பார்த்து வகையைச் சொல்லிவிடும் தோட்டக்காரரின் கண், வேர் பொடியாகிக் கடல் கடந்தபின் பயன்படாது. நல்ல கவாவில் இருநாள் கவாவைக் கலந்தால் பொடியைப் பார்த்து யாராலும் கூற இயலாது. பொடியை அசிட்டோன் என்னும் கரைப்பானில் குலுக்கினால் மஞ்சளுக்குப் பதில் ஆரஞ்சுநிறம் கண்டு ஐயுறலாம். ஆகவே தோட்டத்தின் அருகில் இருப்பவருக்கு மரபே போதும். தொலைவில் பொட்டலம் வாங்குபவருக்குச் சோதனைச் சான்று தேவை. அச்சான்றிலும் பயிர்வகையின் பெயர், தீவு, வேரா அடித்தண்டா என்ற விவரம் இல்லையென்றால், எண் மட்டும் இருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

மரபு, குடிக்கும் முறையையும் சேர்த்தே குறிக்கும். கவாலாக்டோன்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. துணியில் கட்டிப் பிசையும்போது மாவுச்சத்தோடு மிதந்து கலங்கலாக வருகின்றன. பிஜியில் ‘தானோவா’ என்ற மரத்தொட்டியைச் சுற்றி அமர்ந்து, ‘பிலோ’ என்னும் கொட்டாங்கச்சி நீட்டப்படும்போது குழித்த கைகளால் ஒருமுறை தட்டி வாங்கி, ஒரே மடக்கில் குடித்து, மீண்டும் மூன்று முறை தட்டுகிறார்கள். 2002இல் ஜெர்மனி கல்லீரல் பாதிப்புக் காரணம் காட்டித் தடை செய்தவை, பெரும்பாலும் எத்தனாலிலும் அசிட்டோனிலும் வடித்த மாத்திரைச் சாறுகள். கல்லீரல் நோயுள்ளவர்கள் எந்தக் கவாவையும் தவிர்ப்பதே முறை. மதுவோடு சேர்த்துக் குடிப்பது யாருக்கும் ஆகாது. ஆனாலும் தொட்டியிலுள்ள கலங்கலுக்கும் மாத்திரையிலுள்ள சாற்றுக்கும் ‘கவா’ என்று ஒரே பெயர் இடுவது குழப்பம் தருவதால், பின்னதைத் தமிழில் ‘கவாச்சாறு’ என்று பிரித்தெழுத வேண்டும்.