சுபாரு அவுட்பேக் காரை இரண்டு இன்ச் தூக்கினால் என்ன ஆகும்?

ஆஸ்திரேலியாவின் கரி தீவுதான் உலகிலேயே பெரிய மணல் தீவு. ஃப்ரேசர் தீவு என்ற பழைய பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியும். அங்கே காட்டுக்குள் போகும் பாதைகள் மணல் தடங்கள். உயரமான வண்டிகள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் சக்கரப் பள்ளம் விழுந்திருக்கும், நடுவில் மணல் மேடாக நிற்கும். சுபாரு அவுட்பேக் மாதிரி ஒரு ஸ்டேஷன் வேகன் அதில் இறங்கினால் அடி தட்டும். வயிறு மேட்டில் உட்கார்ந்துவிட்டால் வண்டியின் எடையில் ஒரு பங்கை மணலே தாங்கிக்கொள்ளும். சக்கரத்தின் மேல் அழுத்தம் குறையும், பிடிமானமும் போய்விடும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி அங்கேயே நின்று சுழல்வது இதனால்தான்.

அவுட்பேக்கின் அடிக்கும் தரைக்கும் சுமார் 220 மி.மீ. இடைவெளி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,745 மி.மீ. இந்த நீளத்தில், தோராயக் கணக்குப்படி, நடுவயிறு தட்டாமல் சுமார் 18 டிகிரி மேட்டைத்தான் தாண்ட முடியும். உடம்பை 50 மி.மீ., அதாவது இரண்டு இன்ச் உயர்த்தினால் அது 22 டிகிரியைத் தொடும். நீளமான மூக்கு முட்டாமல் மேடு ஏறுவதும் எளிதாகும்.

தூக்கும் வேலை பார்ப்பதற்கு எளிது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலை வண்டியின் உடம்பில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அந்த இடத்தில் இரும்பிலோ அலுமினியத்திலோ செய்த ஸ்பேசர் என்ற தடித்த வளையத்தை வைத்து, நீளமான போல்ட்டால் முடுக்கினால் உடம்பு மேலே போகும். ஆனால் ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். சக்கரம் மேலும் கீழும் போய்வரும் மொத்தத் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமாகாது. குழியில் சக்கரம் இறங்கித் தரையைத் தொடும் திறமை இதனால் வளராது. கிடைப்பது உயரம் மட்டுமே.

அந்த உயரத்திலும் வேகனுக்கு ஒரு வசதி உண்டு. பழைய பாணி ஜீப்பில், இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி, ஆக்சில் என்ற சக்கர அச்சோடு சேர்ந்தே இருக்கும். ஸ்பிரிங்கை உயர்த்தினாலும் அந்த உருண்டை அதே இடத்தில் தொங்கும். பெரிய டயர் போட்டால்தான் அது மேலே வரும். அவுட்பேக்கில் டிஃபரென்ஷியல் உடம்போடு மாட்டியிருப்பதால், உடம்பு ஏறினால் அதுவும் ஏறிவிடும்.

சிக்கலும் அங்கிருந்துதான் ஆரம்பம். டிஃபரென்ஷியல் மேலே போய்விட்டது, சக்கரம் கீழேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் டிரைவ் ஷாஃப்ட் இப்போது சாய்ந்து ஓட வேண்டும். ஷாஃப்டின் நீளம் 400 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. உயர்வுக்கு ஏறக்குறைய 7 டிகிரி கூடுதல் சாய்வு. சக்கரப் பக்கத்து மூட்டுக்குள் எஃகு குண்டுகள் பள்ளங்களில் முன்னும் பின்னும் உருண்டபடி இருக்கும். சாய்வு கூடக் கூட, ஒவ்வொரு சுற்றுக்கும் அவை போய்வரும் தூரமும் கூடும், உராய்வும் சூடும் கூடும். மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒரு பக்கம் நசுங்கி ஒன்றையொன்று தேய்க்கும். ஒருநாள் அது கிழியும். கிரீஸ் வெளியே தெறித்து சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாய் அப்பியிருக்கும், மணல் உள்ளே போகும். அப்புறம் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்ற சத்தம்.

இதற்கு ஒரு மாற்று சொல்வார்கள். எஞ்சினைத் தாங்கும் சப்ஃபிரேமுக்கும் பின் டிஃபரென்ஷியலுக்கும் ஸ்பேசர் வைத்துக் கீழே இறக்குவது. சாய்வு குறையும், உண்மைதான். ஆனால் பாறையில் முதலில் அடிபடுகிற பாகங்களே கீழே வருவதால், கொடுத்த உயரத்தில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும். சுபாரு வகை எஞ்சினில் சைலன்சர் குழாய் எஞ்சினுக்கு அடியிலேயே ஓடுவதால் இது சின்ன விஷயம் இல்லை. அடியில் ஒரு கனத்த அலுமினியத் தகடு போட்டுக்கொள்வது நல்லது.

சக்கரங்களின் கோணமும் மாறும். முன்பக்கம் ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளது மையம் விலகிய போல்ட். அதைத் திருகி கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை, ஓரளவு சரி செய்யலாம். பின்பக்கம் வேறு கதை. அங்கே சக்கரத்தை முன்னாலிருந்து பிடித்திருக்கும் நீண்ட கை கீழ்நோக்கி வளைந்து இறங்குவதால் சக்கரம் சற்று முன்னால் நகரும், டயருக்கு மேலே உள்ள மட்கார்டு வளைவின் முன் விளிம்பை டயர் நெருங்கும். அந்தக் கையின் பிடிமானத்துக்கும் தனி ஸ்பேசர் வைக்காவிட்டால் பெரிய டயர் உரசும். எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். ஹெட்லைட் உயரமும், கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள மாடல் என்றால் அதன் பார்வைக் கோணமும் அதோடு சேர்த்தி.

2021இல் சுபாரு நிறுவனமே வைல்டர்னஸ் என்ற பெயரில் காட்டுப் பாதைக்கான அவுட்பேக்கைக் கொண்டுவந்தது. அதன் தரை இடைவெளி 9.5 இன்ச். வழக்கமான அவுட்பேக்கைவிட ஒரு இன்ச்கூட முழுசாக அதிகம் இல்லை. அந்தக் கொஞ்சத்துக்கே சஸ்பென்ஷனை மாற்றினார்கள். மெதுவாக ஏறும்போது இழுவை போதாமல் போகக் கூடாதென்று ஃபைனல் டிரைவ் என்ற கடைசிப் பல்சக்கர ஜோடியின் விகிதத்தை 4.44 ஆக்கினார்கள். என்னைக் கேட்டால், இரண்டு இன்ச்சுக்கு மேல் தூக்கவே கூடாது. எடையின் மையமும் மேலே போகிறது என்பதை மறக்க முடியாது. வண்டிக் கூரையின் மேல் கூடாரத்தையும் கட்டிக்கொண்டு வளைவில் திரும்பினால் அது உடனே தெரியும்.

கையில் இருக்கும் பணத்தை முதலில் டயருக்குத்தான் போடச் சொல்வேன். 225/65 R17 என்ற டயர் அளவிலிருந்து 235/65 R17க்கு மாறினால் விட்டம் 13 மி.மீ. கூடும், உயரம் அதில் பாதிதான். ஆனால் எல்லா வகைத் தரைக்குமான ஆல் டெர்ரெய்ன் டயரின் கனத்த பக்கச்சுவர் கல்லைத் தாங்கும். மணலில் 35 பிஎஸ்ஐ காற்றை 20க்குக் குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து மணலின் மேலே மிதந்து ஓடும். தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்பக் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரசர் கட்டாயம் வேண்டும். நான்கு டயரையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். சுற்றளவில் கால் இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முன்னும் பின்னும் சக்தியைப் பிரிக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கித் தேயும்.

தூக்கியும் தீராத ஒன்று இருக்கிறது. குறுக்காகப் பள்ளம் வந்து எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் இரண்டு அந்தரத்தில் நின்றால், சாதாரண டிஃபரென்ஷியல் சக்தியை அவற்றுக்கே அனுப்பிவிடும். கரடுமுரடான பாதைக்காக சுபாரு தரும் எக்ஸ் மோட் என்ற வசதி, சுழலும் சக்கரத்தைப் பிரேக் போட்டு அடக்கி மறுபக்கத்துக்கு இழுவை கொடுக்கும். ஆனால் மெதுவாக, பலமாக இழுக்கும் லோ ரேஞ்ச் கியர் இல்லாத, சிவிடி என்ற படிகளற்ற ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டியில் செங்குத்தான மணலில் மெதுவாக ஊர்ந்து ஏறினால் கியர் எண்ணெய் சூடாகி எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலிலோ பார்க்கிலோ விட்டு, விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும்.