பெரியவர்கள் தவறவிடுவதைக் குழந்தை எப்படிப் பார்க்கிறது?

அவசரமாகக் கிளம்பும் நேரத்தில் நாலு வயதுக் குழந்தையிடம் செருப்பைப் போடச் சொல்லுங்கள். செருப்புக்குப் பக்கத்தில் ஊரும் எறும்பைத்தான் அது முதலில் பார்க்கும். கவனமே இல்லை என்று கடிந்துகொள்கிறோம். கவனம் இருக்கிறது, ஆனால் ஓர் இடத்தில் குவியாமல் எங்கும் பரவிக் கிடக்கிறது.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிளெபனெக், ஸ்லூட்ஸ்கி இருவரும் செய்த ஒரு சோதனை 2017-ல் வெளியானது. திரையில் ஒரு சிவப்பு உருவமும் ஒரு பச்சை உருவமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும். ஏதாவது ஒரு நிறத்தை மட்டும் கவனிக்க வேண்டும். படம் மறைந்து மீண்டும் வரும்போது எதுவும் மாறியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். கவனிக்கச் சொன்ன உருவம் மாறியபோது பெரியவர்கள் 94 சதவீதம் கண்டுபிடித்தார்கள், 4, 5 வயதுக் குழந்தைகள் 86 சதவீதம். கவனிக்கச் சொல்லாத உருவம் மாறியபோது நிலைமை தலைகீழானது: குழந்தைகள் 77, பெரியவர்கள் 63.

நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தேவையில்லாததை ஒதுக்கித் தேவையானதில் கவனத்தை நிறுத்துவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கும் பகுதி அது. குழந்தையிடம் இந்த வடிகட்டி இன்னும் தளர்வாக இருப்பதால் எல்லாமே உள்ளே வந்துவிடுகிறது. உளவியலாளர் ஆலிசன் காப்னிக் இதை அழகாகச் சொல்கிறார்: பெரியவரின் கவனம் ஓரிடத்தில் குவியும் ஒளிக்கற்றை, குழந்தையின் கவனம் நாலா பக்கமும் ஒளிவீசும் விளக்கு.

காப்னிக்கும் சக ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. சில கட்டைகளை மேலே வைத்தால் ஒளிரும் ஒரு பெட்டி. எந்தக் கட்டை அதை ஒளிரவைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். குறிப்பிட்ட இரண்டு கட்டைகளைச் சேர்த்து வைத்தால்தான் ஒளிரும் என்பதற்கான தடயங்களைக் காட்டியபோது, 4, 5 வயதுக் குழந்தைகள் அதை ஏற்றுக்கொண்டு புதிய கட்டைகளையும் அப்படியே சோடியாக யோசித்தார்கள். கல்லூரி மாணவர்களோ, ஒரு விளைவுக்கு ஒரு காரணம்தான் இருக்கும் என்ற பழைய எண்ணத்தையே பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருட அனுபவம் இங்கே குறுக்கே நிற்கிறது!

பெற்றோர் குழந்தையிடம் கற்க வேண்டியவற்றில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்: எதிர்பார்த்தது நடக்காதபோது, அந்த இடத்தை விட்டு நகராமல் நோண்டிப் பார்ப்பது. பதினொரு மாதக் குழந்தைகூட இதைச் செய்கிறது. ஸ்டால், ஃபைகன்சன் இருவரின் 2015-ஆம் ஆண்டு ஆய்வில், சுவரை ஊடுருவிச் சென்றதுபோல் காட்டப்பட்ட பொருளைக் குழந்தைகள் தட்டிப் பார்த்தார்கள். அந்தரத்தில் நின்றதுபோல் காட்டப்பட்டதைக் கீழே போட்டுப் பார்த்தார்கள். எது புரியவில்லையோ அதற்கேற்ற சோதனை.

சாலையைக் கடக்க நமக்குக் குவிந்த கவனம்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனாலோ, ஒரு கருவி காரணம் தெரியாமல் நின்றுபோனாலோ, "நீ என்ன பார்த்தாய்?" என்று குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். ஒகையோ ஆய்வின் இரண்டாம் பகுதியில், வேலைக்குத் தேவைப்படாத விவரங்களைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.