தாளில் இருப்பது யார் பெயர்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் சமையல் ஒப்பந்தம் எடுக்கும் ஓர் அக்கா, சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் மாதக் காலண்டர். அதில் பதினொரு நாட்களைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம் போட்டிருந்தார்.

"தம்பி, இத்தனை நாளும் படப்பிடிப்புக்கு நான்தான் சோறு போட்டேன். பணம் வரவில்லை. அந்த ஸ்டூடியோவிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

எந்த ஸ்டூடியோ என்று கேட்டேன். உலகமே அறிந்த ஒரு பெரிய பெயரைச் சொன்னார். படப்பிடிப்பு வண்டிகளில் அந்தப் பெயர் ஒட்டியிருந்ததாம். பையிலிருந்த ஆர்டர் தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த பெயர் வேறு, நானே அதுவரை கேள்விப்படாத ஒரு தனியார் நிறுவனம். பதிவு எண்ணைத் தேடியபோது, படப்பிடிப்புக்கு ஐந்து மாதம் முன்புதான் அது பிறந்திருந்தது தெரிந்தது. முகவரி டர்பனை ஒட்டிய உம்லாங்காவில் ஒரு வாடகை அலுவலகம். திங்கட்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். மேசை நாற்காலிகூட இல்லை.

படத்தயாரிப்புக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். கோடம்பாக்கத்தில் ஒரு தயாரிப்பு நிர்வாகியிடம் பேட்டா கணக்கு எழுதத் தொடங்கியவன், எங்கெங்கோ சுற்றி இப்போது டர்பனில் இருக்கிறேன். இங்கே ஒரு படக்குழு வந்து இறங்கினால் வீடு கொடுப்பவர், ஜெனரேட்டர் கொடுப்பவர், துணி தைப்பவர், சமைப்பவர் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் அதில் இருப்பார்கள். அவர்களில் பலருக்குத் தாங்கள் யாருக்கு வேலை செய்கிறோம் என்பதே தெரிவதில்லை.

கோடம்பாக்கத்தில் ஒரே பேனரில் பத்துப் படம் எடுப்பார்கள். மூன்றாவது படத்தின் கடன் நான்காவது படத்தின் வெளியீட்டு நாளில் வந்து கழுத்தைப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ரத்து, பேச்சுவார்த்தை நடக்கிறது, மாலைக் காட்சிக்குப் படம் வந்துவிடும் என்ற செய்தியெல்லாம் தமிழ் ரசிகர்களுக்குப் புதிதல்ல. வெளிநாட்டு ஸ்டூடியோக்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஒவ்வொரு படத்துக்கும் தனி நிறுவனம் தொடங்கிவிடுகின்றன. ஒரு படம் மூழ்கினால் அது மட்டும் மூழ்கும். அந்த நிறுவனத்துக்கு என்று சொத்து எதுவும் கிடையாது. கேமரா வாடகை, விளக்கு வாடகை, வண்டி வாடகை. பூசணிக்காய் உடைத்த மறுவாரம் அதனிடம் மிஞ்சுவது ஒரு வங்கிக் கணக்கும் சில கோப்புகளும்தான். உள்ளூரில் வேலையை நடத்திக் கொடுக்க இன்னொரு நிறுவனம் இருக்கும். அதுவும் பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்வதுதான். இதில் மோசடி எதுவும் இல்லை, சட்டப்படியான ஏற்பாடு. ஆனால் வண்டியில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பிச் சோறு போட்டவர் கடைசியில் காலி அறையின் கதவைத் தட்டவேண்டியிருக்கும்.

பணம் எப்படி வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். முழு பட்ஜெட்டும் முதல் நாளே யார் கையிலும் இருப்பதில்லை. வாரா வாரம் எவ்வளவு தேவை என்று என்னைப் போன்ற ஒருவர் அட்டவணை போட்டு அனுப்ப, மேலிருந்து தவணை வரும். வார முடிவில் எவ்வளவு செலவு, இன்னும் எவ்வளவு ஆகும் என்று கணக்கு அனுப்பவேண்டும். எதிர்பாராச் செலவுக்கென்று பத்து சதவீதம் ஒதுக்கி வைப்பது வழக்கம். இரண்டு நாள் மழை பெய்தால் அதில் பாதி கரைந்துவிடும். டர்பன் மழையை நம்பி எந்தக் கணக்கும் எழுத முடியாது.

ஒரு தவணை தாமதமானால் என்ன நடக்கும்? எங்கள் அறையில் சத்தமில்லாமல் ஒரு வரிசை உருவாகும். நடிகருக்குப் பணம் போகவில்லை என்றால் நாளை அவர் வரமாட்டார், ஆகவே அவர் முதலில். தொழிலாளர் கூலி அடுத்து. கேமரா வாடகை கொடுக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதையும் கொடுத்துவிடுவோம். சாப்பிட்ட சோற்றை யாரும் திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியாது. அக்கா கடைசியில் நின்றார். அப்படி ஒரு வரிசை இருப்பதே அவருக்குத் தெரியாது. மற்ற படங்களில் அந்த வரிசையைப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய கணக்கு இது: ஒரு நாளைக்கு 82 சாப்பாடு, 11 நாள், ஒரு சாப்பாடு 95 ராண்ட். கூடவே இரண்டு இரவுப் படப்பிடிப்புகளில் ஒவ்வோர் இரவும் துணை நடிகர்கள் 60 பேருக்கு. மொத்தம் 97,090 ராண்ட். முன்பணமாகக் கிடைத்தது 20,000.

ஸ்டூடியோ என்றாலே பணம் காய்க்கும் மரம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. படத்தளம் வைத்திருப்பது கல்யாண மண்டபம் வைத்திருப்பதைப் போன்றது. முகூர்த்த நாளில் வாடகை, மற்ற நாளில் காவலாளி சம்பளம். கேப் டவுனுக்கு வெளியே 2010-இல் திறந்த கேப் டவுன் ஃபிலிம் ஸ்டூடியோஸ் வளாகத்தில் ஒரு கடற்கொள்ளையர் தொடருக்காக முழு அளவுக் கப்பல்களையே கட்டி நிறுத்தினார்கள். அந்த மாதிரித் தொடர் நான்கைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஓடினால் தளத்துக்கு நல்ல காலம். ஓடாத காலத்திலும் கூரைக்கும் மின்சாரத்துக்கும் செலவு இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஜோஹன்னஸ்பர்கில் ஷ்லெசிங்கர் என்ற தொழிலதிபர் 1915-இல் கில்லார்னி ஸ்டூடியோவைத் தொடங்கினார். படம் எடுப்பது, விநியோகிப்பது, தியேட்டரில் காட்டுவது மூன்றும் அவர் கையில் இருந்தன. இன்று கில்லார்னி என்றால் அங்கே நினைவுக்கு வருவது ஒரு வணிக வளாகம். வடபழனியில் விஜயா வாகினி இருந்த மண்ணில் மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தளத்தின் வாடகையை நிலத்தின் விலை முந்திய நாளில் ஸ்டூடியோவின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

வேலை எப்போது வரும் என்பதும் நம் கையில் இல்லை. 2023-இல் அமெரிக்காவில் எழுத்தாளர்கள் 148 நாட்களும் நடிகர்கள் 118 நாட்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. ஆனால் அந்த மாதங்களில் இங்கே விளக்கு தூக்குபவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் அழைப்பு வரவில்லை. அதே ஆண்டில் மின்வெட்டும் உச்சத்தில் இருந்தது. ராண்டின் மதிப்பு சரிந்தால் டாலரில் செலவழிப்பவர்களுக்கு லாபம் என்று இங்கே வருவார்கள், ஏறினால் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள்.

அவர்களை இழுத்துவர அரசு ஒரு சலுகை வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் படம் தென்னாப்பிரிக்காவுக்குள் செய்யும் தகுதியான செலவில் 25 சதவீதத்தை, ஓர் உச்சவரம்புக்குள், வர்த்தகத் துறை திருப்பிக் கொடுக்கும். ஆனால் முதலில் செலவழிக்கவேண்டும், கணக்குத் தணிக்கையும் முடியவேண்டும். அதனால் வரப்போகும் அந்தப் பணத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்கித்தான் தயாரிப்பாளர்கள் படத்தை நடத்துகிறார்கள். சலுகைப் பணம் தாமதமானால் வட்டி தின்றுவிடும். தாமதம் பொறுக்கமுடியாமல் போய், 2025 தொடக்கத்தில் திரைத் தொழிலாளர்கள் கேப் டவுனில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் பதாகைகளுடன் நின்றார்கள். சலுகையை நம்பிப் போட்ட கணக்கில் அந்தத் தேதி தவறினால் கீழே உள்ள எல்லாத் தேதிகளும் தவறும்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. உங்கள் பில் முறையாக இருந்து, பணம் உங்களுக்குக் கொடுக்கப்பட்டதற்குச் சான்றும் இருந்தால்தான் அந்தச் செலவைச் சலுகைக் கணக்கில் சேர்க்க முடியும். வரி எண் இல்லாமல், பெயர் தப்பாக எழுதிக் கொடுத்த பில் அவர்களுக்கு வெறும் காகிதம். ஒழுங்கான பில்லோ கால் பங்கு பணம். அதை அவர்கள் உங்களிடம் சொல்லமாட்டார்கள்.

மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பில் போட்ட தேதிக் கணக்கில் வரி கட்டுபவர், பணம் கைக்கு வராவிட்டாலும் 15 சதவீதத்தை அரசுக்குக் கட்டியாகவேண்டும். பணம் வராது என்று கைகழுவிய பிறகுதான் அதைத் திரும்பக் கேட்கலாம். ஃபீனிக்ஸில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் நண்பர் ஒருவர் அப்படிக் கட்டிவிட்டு, "டீசலும் என்னுடையது, வரியும் என்னுடையது, படம் மட்டும் அவர்களுடையது" என்று சிரித்தார். தனிநபராகத் தொழில் செய்பவர்கள், விற்பனை ஒரு வரம்புக்குள் இருந்தால், பணம் வந்த பிறகு வரி கட்டும் முறைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் கணக்கரிடம் கேளுங்கள்.

வீடு கொடுப்பவர்களின் கதை வேறு. ரிசர்வாயர் ஹில்ஸில் ஒரு பெரியவர் தன் வீட்டை ஆறு நாட்களுக்குக் கொடுத்தார். "பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைப்போம்" என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சுவருக்கு வேறு வண்ணம் அடித்தார்கள், படம் எடுத்தார்கள், மறுபடி பழைய வண்ணத்தையே அடித்துத் தரையையும் துடைத்துக் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாத வேலை. பூஜை அறை மாடத்துக்கு மேலே அவருடைய அம்மா ஏற்றிவந்த விளக்கின் புகை, கருப்பாக, ஒரு வெற்றிலை அளவுக்குப் படிந்திருந்தது. அதையும் சுரண்டி வெள்ளையடித்துவிட்டார்கள். பெரியவர் என்னிடம் இழப்பீடு பற்றிக் கேட்கவில்லை. அந்தச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு வீடு கொடுக்கும் எவரிடமும் நான் சொல்வது: முதல் நாளே அறை அறையாகப் படம் எடுத்து, அதைப் பழைய நிலை என்று ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். தொடக்கூடாத அறையைப் பூட்டி, பூட்டியதையும் எழுதிவையுங்கள். காப்பீட்டுச் சான்றில் உங்கள் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கொஞ்சம் சேமிப்பு வைத்திருப்பவர்களையும் தேடி வருகிறார்கள். நம் ஊர் ஆசிரியர் ஒருவர் ஒரு படத்தில் பணம் போடலாமா என்று கேட்டார். நிகர லாபத்தில் ஐந்து சதவீதம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வசூலில் தியேட்டர் தன் பங்கை எடுக்கும், விநியோகஸ்தர் தன் கமிஷனை எடுப்பார், விளம்பரச் செலவு போகும், வங்கிக் கடனும் வட்டியும் போகும். அதற்குப் பிறகு ஏதாவது மிஞ்சினால் அதற்குப் பெயர் நிகர லாபம். அமெரிக்காவில் ஆர்ட் புக்வால்டு என்ற எழுத்தாளர், தன் கதைக் கருவில் எடுத்த ஒரு படத்துக்காகப் பாரமவுண்ட் ஸ்டூடியோ மீது வழக்குப் போட்டார். உலகமெங்கும் வசூலைக் குவித்த அந்தப் படத்துக்கு நிகர லாபமே இல்லை என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். அந்த ஒப்பந்த முறை நியாயமற்றது என்று 1990-இல் நீதிமன்றம் சொன்னது. புக்வால்டுக்கு வழக்கறிஞர் வைத்து மோத முடிந்தது. ஆசிரியரிடம், பணத்தைப் போடுவதாக இருந்தால் திரும்பி வராது என்று நினைத்துப் போடுங்கள் என்றேன். அவர் என்மேல் கொஞ்சம் வருத்தத்தில் இருக்கிறார் என்று கேள்வி.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று கேட்டார். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் 20,000 ராண்டுக்கு மேல் கேட்க முடியாது, மீதியை விட்டுக்கொடுக்கவேண்டும். சாதாரணக் கடன் மூன்று ஆண்டில் காலாவதியாகிவிடும் என்பதால் சும்மா இருக்கவும் கூடாது. நிறுவனத்தின் சரியான பெயர், பதிவு எண், ஆர்டர் எண், அக்காவின் வரி எண் எல்லாவற்றையும் போட்டுப் பில்லை மறுபடி எழுதி, கோரிக்கைக் கடிதத்துடன் அந்த நிறுவனத்துக்கும், உள்ளூரில் வேலையை நடத்திய நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

ஐந்து மாதம் பதில் இல்லை. ஆறாவது மாதம் சலுகைக்கான கணக்குத் தணிக்கை வந்தது. சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் கொடுத்த சான்று எங்கே என்று தணிக்கையாளர் கேட்டிருக்கவேண்டும். அன்று மாலையே அக்காவுக்குத் தொலைபேசி. இரண்டு தவணையாக 65,690 ராண்ட் வந்தது. இரவுச் சாப்பாட்டுக்கான 11,400 மட்டும் வரவில்லை. அந்த 120 சாப்பாட்டுக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. இருட்டில் ஓர் உதவி இயக்குநர் ஓடிவந்து "ஆன்ட்டி, இன்னும் அறுபது பேர்" என்று சொன்னதை எந்தத் தணிக்கையாளரிடம் காட்டுவது?

இப்போது அக்காவிடம் ஒரு சிறிய ரசீதுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் எத்தனை தட்டு என்று எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் பாத்திரத்தின் மூடியைத் திறக்கிறார். பில்லை வாரா வாரம் கொடுக்கிறார். போன செவ்வாய்க்கிழமை புதிய படக்குழு ஒன்று கேட்டு வந்ததாம், 65 பேருக்கு, இரண்டு வாரம். ஆர்டர் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். பதிவு எண்ணைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம். பாதி முன்பணம் வந்தால்தான் அடுப்பு என்று சொல்லியிருக்கிறாராம். திங்கட்கிழமை படப்பிடிப்பு. இன்று வெள்ளிக்கிழமை மாலை வரை பணம் வரவில்லை. அக்கா இன்னும் வெங்காயம் வாங்கவில்லை.