வயிற்றிலிருந்து கிளம்புவது உள்ளுணர்வா?

போன மாதம் ஹட்டனில் ஒரு மருத்துவ முகாமில் வலிப்பு நோயைப் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்று கொடுத்தார்கள். தமிழில் கொடுத்ததற்கே ஒரு கும்பிடு போடலாம். ஆனால் இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "வலிப்பு நோயாளரின் மூளை உள்ளுணர்வை எவ்வாறு அறிகிறது என்பதை ஆய்வாளர்கள் ஆராய்கின்றனர்." பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் அம்மா, மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வரப்போறத முன்னாடியே சொல்ற சக்தியா?" என்றார். "அப்படித்தான் போல" என்றாள் மகள்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. உள்ளுணர்வு என்றால் தமிழில் அதுதான் பொருள். "என்னமோ மனசுக்குப் பட்டுச்சு, அதான் அந்த பஸ்ஸுல ஏறல" என்று சொல்கிறோமே, அது. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் இன்டரோசெப்ஷன், அதாவது உடலுக்குள் நடப்பதை மூளை அறிவது. அதை உள்ளுணர்வு ஆக்கி நான் பார்ப்பது இது நாலாவது தடவை. வானொலி உரையில் ஒரு முறை கேட்டேன், பொறுத்தேன். இனி முடியாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து உடலியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன் 1906இல் வெளியிட்ட நூலில் புலன்வாங்கிகளை மூன்றாகப் பிரித்தார்: வெளியுலகைப் பிடிப்பவை, தசை மூட்டுகளின் நிலையைப் பிடிப்பவை, உடலின் உட்பரப்பிலிருந்து பிடிப்பவை. மூன்றாவதற்கு வைத்த பெயரிலிருந்து வந்ததுதான் இன்டரோசெப்ஷன். 'உள்' என்ற லத்தீன் அடியும் 'வாங்குதல்' என்ற அடியும் சேர்ந்தது. அவருக்கு அது பெரும்பாலும் குடல் சமாச்சாரம். 2002இல் கிரெய்க் என்ற நரம்பியலாளர் அதை அகட்டி, பசி, தாகம், இதயத் துடிப்பு, மூச்சு, உடற்சூடு, வலி என்று உடலின் நிலை முழுவதையும் மூளை அறிவதாக்கினார். இன்று ஆய்வாளர்கள் சொல்வது இந்தப் பொருளில்தான். இதில் மனசுக்குப் படுவதும் இல்லை, சக்தியும் இல்லை. வயிறும் நெஞ்சும்தான்.

என் பெரியம்மாவுக்கு வலிப்பு உண்டு. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். மலையில் நிற்கும்போது சில நாள் கை நின்றுவிடும். "அடிவயித்துலருந்து ஒன்னு கெளம்பி நெஞ்சுக்கு வருதுடி" என்பார். தலையிலிருந்து கூடைக் கயிற்றைக் கழற்றி, கூடையைத் தேயிலைத் தூருக்கு அணைவாக வைத்துவிட்டு, சரிவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவார். பக்கத்து நிரையில் நிற்பவர்களுக்குத் தெரியும். ஓடி வந்து பிடித்துக்கொள்வார்கள். யாராவது ஒருத்தி சாவிக்கொத்தைக் கையில் திணிப்பாள். அதனால் ஒரு பயனும் இல்லை என்பது வேறு கதை.

பெரியம்மா சொன்ன அந்த "ஒன்னு" வைத்திய நூல்களில் நன்கு பதிவானது. கன்னப்பொட்டுக்கு உட்புறமான மூளைப்பகுதியில் தொடங்கும் வலிப்பில், மேல்வயிற்றிலிருந்து ஏதோ எழும்பி வருவதாகப் பலர் சொல்கிறார்கள். மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் வலிப்பு நோயாளரை விழித்திருக்கவே வைத்து அறுவைச் சிகிச்சை செய்தபோது, மூளையின் மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதியில் மின்சாரம் பாய்ச்சினார். குமட்டுகிறது, வயிற்றுக்குள் உருளுகிறது என்றார்கள் சிலர். அதை 1955இல் எழுதினார். இன்சுலா என்றால் தீவு. அதைத் தீவு என்றே சொல்லலாம், யாருக்கும் நட்டமில்லை. உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகள் அங்கேதான் முக்கியமாகப் போய்ச் சேர்கின்றன. வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சிலரின் மூளைக்குள், அங்கே ஓடும் மின்சாரத்தைப் பதியும் மின்வாய் வைப்பார்கள். அது உள்ளே இருக்கும் நாட்களில், ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் மூளை எப்படிப் பதில் கொடுக்கிறது என்றும் பதிவுசெய்ய முடிகிறது. நாடியைத் தொடாமல் உங்கள் துடிப்பை எண்ணுங்கள் என்று சொல்லி, உண்மைக் கணக்கோடு ஒப்பிடும் சோதனையும் உண்டு. துண்டுப்பிரசுரம் சொல்ல வந்தது இவ்வளவும். சொன்னது ஜோசியம்.

சரி, வேறு என்ன சொல்? இங்கேதான் எனக்கும் பதுளையிலுள்ள ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கும் மூன்று வாரமாகப் போர். "அகப்புலன்னு போடு தம்பி, இரண்டே சொல், சுத்தத் தமிழ்" என்கிறார். சுத்தம்தான் சேர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அகம் என்றால் தமிழனுக்கு முதலில் நினைவு வருவது காதல், அப்புறம் மனம், அப்புறம் வீடு. குடல் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இன்னொன்று, சைவ சித்தாந்தம் படித்தவரிடம் அகப்புலன் என்றால் அந்தக்கரணம் என்றே எடுத்துக்கொள்வார்: மனம், புத்தி, சித்தம், அகங்காரம். உள்ளுணர்வை விரட்டிவிட்டு அதன் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்த கதை. இதைச் சொன்னேன். "படிக்கப் படிக்கப் பழகிடும்" என்றார். பழகும்தான், படிப்பவர் கல்லூரி மாணவரானால். கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்பவருக்குப் பழக நேரம் ஏது?

உள்ளேற்பு என்றும் ஒன்று பார்த்தேன். லத்தீனைப் பிரித்து ஒவ்வோர் அடிக்கும் ஒரு தமிழ் அடி ஒட்டியது. வார்டில் ஆளைச் சேர்ப்பது போல இருக்கிறது. உள்வாங்கல் என்றார் இன்னொருவர். கடல்தான் உள்வாங்கும்.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் யாரும் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பதுதான் என் கோபம். "நான் பார்க்கிறேன்" என்றும் சொல்வோம், "எனக்குத் தெரிகிறது" என்றும் சொல்வோம். ஆனால் "நான் பசிக்கிறேன்" என்று யார் சொல்வார்? எனக்குப் பசிக்கிறது. எனக்குக் குமட்டுகிறது. எனக்குப் படபடக்கிறது. உடலுக்குள் நடப்பதை நாம் செய்வதில்லை, நமக்கு நடக்கிறது என்று இலக்கணமே பிரித்து வைத்திருக்கிறது. இப்படியொரு மொழியை வைத்துக்கொண்டு உள்ளுணர்வு என்று எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ.

நான் சொல்வது உள்ளுடல் உணர்வு. உடல் என்ற சொல் நடுவில் நிற்பதால் மனதுக்குத் தாவ வழியில்லை. உள்ளுறுப்பு உணர்வு என்றால் தாகமும் உடற்சூடும் வெளியே நின்றுவிடும். என் சொல்லிலும் ஓட்டை உண்டு. இரத்த அழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் மூளை அறிகிறது, நாம் உணர்வதில்லை. அதையும் உணர்வு என்பது கொஞ்சம் இழுவைதான். ஆசிரியர் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் விடவில்லை. இருக்கட்டும், பொருளைத் தலைகீழாக்கவில்லையே.

அதே பிரசுரத்தின் மூன்றாம் பக்கத்தில் இன்னொரு கொடுமை. வலிப்புக்கு முன் "ஒளிவட்டம்" தோன்றும் என்று போட்டிருக்கிறார்கள். மூலச்சொல் ஆரா. சாமி படத்துத் தலைக்குப் பின்னாலிருக்கும் வட்டம் என்று நினைத்துவிட்டார்கள். கிரேக்கத்தில் ஆரா என்றால் இளங்காற்று. காலிலிருந்து குளிர்காற்றுப் போல ஏறி வருகிறது என்று வலிப்பு வந்த ஓர் இளைஞன் சொன்னதாகப் பண்டைய கிரேக்க வைத்தியர் கேலன் எழுதியிருக்கிறார். அதிலிருந்து வந்த பெயர். அதற்காகக் காற்று என்றும் போட்டுவிடாதீர்கள், காத்து கருப்பு என்று நேரே கோடாங்கியிடம் கூட்டிப் போய்விடுவார்கள். முன்னறிகுறி என்பது பரவாயில்லை. ஆனால் இன்றைய வைத்தியம் அதை வலிப்பின் தொடக்கமாகவே பார்க்கிறது, வலிப்புக்கு முந்திய வேறொன்றாக அல்ல. அதனால் தொடக்க உணர்வு என்பேன்.

இரண்டு பக்கத்தையும் சிவப்புப் பேனாவால் திருத்திப் படம் எடுத்து முகாம் நடத்தியவர்களுக்கு அனுப்பினேன். நன்றி, அடுத்த அச்சில் கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. இந்த அச்சில் இன்னும் நாலு பெட்டி மிச்சம் இருக்கிறதாம்.