‘ஒப்புதல் வாக்குமூலக் காணொளிக் கலை’யாமே!

‘கன்ஃபெஷனல் வீடியோ ஆர்ட்’ என்பதற்கு ‘ஒப்புதல் வாக்குமூலக் காணொளிக் கலை’ என்ற தமிழாக்கத்தைப் போன வாரம் மூன்றாவது முறையாகப் படித்தேன். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

முதலில் பொருள். கலைஞர் கேமராவைத் தன் பக்கமே திருப்பி வைத்து, தன் உடல், ஆசை, வெட்கம், தான் யார் என்ற குழப்பம் எல்லாவற்றையும் நெருங்கியவரிடம் சொல்வதுபோலச் சொல்வது, காட்டுவது. தூக்கிச் செல்லக்கூடிய வீடியோ கருவி 1960களின் பிற்பகுதியில் வந்த பிறகு முளைத்த வகை இது. ஒளிப்பதிவாளர் வேண்டாம், பிலிமை லேபுக்கு அனுப்பிக் கழுவ வேண்டாம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். ‘கன்ஃபெஷன்’ லத்தீனிலிருந்து வந்த சொல், ஏற்றுக்கொண்டு சொல்வது என்று பொருள். தேவாலயத்தில் நெடுங்காலம் குடியிருந்துவிட்டுக் கவிதைக்கு வந்தது: 1959-இல் எம். எல். ரோசெந்தால் என்ற விமர்சகர் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவலின் கவிதைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். அப்புறம் வீடியோவுக்கும் ஒட்டிக்கொண்டது. சரி.

இப்போது வழக்குக்கு வருவோம். ‘வாக்குமூலம்’ மேல் எனக்குக் கோபம் இல்லை. சாட்சி சொல்வதும் வாக்குமூலம்தான், சாகக் கிடப்பவர் சொல்வதும் வாக்குமூலம்தான். முன்னால் ‘ஒப்புதல்’ வந்து உட்கார்ந்ததும்தான் கையில் விலங்கு ஏறுகிறது, பார்க்கிற நாம் இன்ஸ்பெக்டர் ஆகிவிடுகிறோம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சேடி பென்னிங் என்ற கலைஞர் 15 வயதில் எடுத்த வீடியோக்களைப் பாருங்கள். அப்பா கிறிஸ்துமஸ் பரிசாகத் தந்த பொம்மை கேமரா, பாட்டு கேட்கும் ஆடியோ கேசட்டிலேயே படத்தையும் பதியும். புள்ளி புள்ளியாகக் கறுப்பு வெள்ளை. திரை முழுக்க ஒரு கண், அடுத்து உதடு, அடுத்து காகிதத்துண்டில் கையால் எழுதிய வரி மெல்ல நகர்கிறது. தனக்குப் பெண்கள் மேல் வரும் காதலைப் பற்றி, பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல ஒரு குரல். இதில் எந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாராம்? குற்றமே இல்லை என்று சொல்லத்தானே இத்தனை பாடும்! மொழிபெயர்த்தவர் வீடியோவைப் பார்க்கவில்லை, அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிட்டார். இப்போது பாதி மொழிபெயர்ப்பு இப்படித்தான் நடக்கிறது, கேட்டால் ‘கலைச்சொல்’ என்கிறார்கள்.

போட்டிக்கு நிற்கும் மற்ற சொற்களும் தேறவில்லை. ‘பாவசங்கீர்த்தனம்’ கத்தோலிக்கர் வீட்டுச் சொல், திரைக்குப் பின்னால் இருக்கும் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்வது; பாவம் பெயரிலேயே இருக்கிறது. தமிழ் பைபிளில் வரும் ‘அறிக்கையிடுதல்’ அழகான சொல்தான், ஆனால் இன்று அறிக்கை விடுவது கட்சித் தலைவர்கள். ‘மனந்திறப்பு’ கிட்டத்தட்ட வந்துவிட்டது. நடிகர் நடிகை பேட்டிக்கெல்லாம் ‘மனம் திறக்கிறார்’ என்று தலைப்புப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள், போதாததற்கு அதில் உடம்புக்கு இடமே இல்லை. இந்தக் கலையில் பாதிப் பேச்சு உடம்புதான் பேசுகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன் (பாருங்கள், நானும் ஒப்புதல் கொடுக்கிறேன்). கில்லியன் வேரிங் என்ற பிரிட்டிஷ் கலைஞர் லண்டனில் பத்திரிகை விளம்பரம் கொடுத்து, ‘எல்லாவற்றையும் வீடியோவில் சொல்லுங்கள், மாறுவேடத்தில்தான் இருப்பீர்கள்’ என்று முன்பின் தெரியாதவர்களை அழைத்துப் பேச வைத்த 1994-ஆம் ஆண்டுப் படைப்புக்குப் பாவசங்கீர்த்தனம் பொருந்தவே செய்யும். முகமூடிதான் அங்கே திரைச்சீலை. ஆனால் அது அந்த ஒரு படைப்புக்கு, வகை முழுவதற்கும் அல்ல.

என் ஓட்டு ‘தன்திறப்பு வீடியோ’வுக்கு. ‘தன்’னில் மனமும் உடம்பும் அடங்கும், திறப்பதா சாத்துவதா என்பது திறப்பவர் கையில் இருக்கும். வீடியோவை ஏன் விட்டுவைத்தாய் என்பவர்கள் காணொளியா காணொலியா என்ற சண்டையை முடித்துவிட்டு வரட்டும். தமிழாசிரிய நண்பர் ஒருவருக்கு வேறு குறை: தற்பெருமை, தற்கொலை போல இதுவும் ‘தற்றிறப்பு’ என்றுதான் புணர வேண்டுமாம். நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், நாக்கு பல்லில் மாட்டிக்கொள்கிறது.